யோசுவா, இயேசு, ஈசா: ஒரு பெயரின் வரலாறு

பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர் என்றும் காரணப்பெயர் என்றும் இருவகையாகப் பகுத்தல் நன்னூலார் வழக்கு. மரம், நிலம் என்பன காரணம் நோக்காது முன்னோர் இட்ட குறிகள். பறத்தலாற் பறவை எனவும், அணிதலால் அணி எனவும் வருவன காரணம் பற்றி வந்தவை. மக்கட்பெயர்கள் பெரும்பாலும் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலையின. குழந்தைக்குப் பெயரிடும் பெற்றோர் ஒரு பொருளை நினைந்தே இடுகின்றனர். பின்னர் அப்பெயரைச் சொல்லி அழைப்போர் பொருளை நினைப்பதில்லை. கந்தசாமி என்று அயலவரை அழைப்பவர் அச்சொல்லில் முருகப்பெருமான் இருத்தலை ஒவ்வொரு முறையும் எண்ணுவாரல்லர். ஆயினும் கேட்டால் உடனே கூறிவிடுவர். காரணம் மறைந்து நிற்கின்றதேயன்றி அழிந்துவிடவில்லை.

ஒரு பெயர் தன் மொழியை விட்டு வேற்றுமொழியிற் புகும்போது இந்நிலை மாறுகின்றது. ஒலி பிரயாணஞ் செய்கின்றது. காரணம் பிறந்த ஊரிலேயே தங்கிவிடுகின்றது. புகுந்த மொழியில் அப்பெயர் முழுவதும் இடுகுறியாகின்றது. சில வேளைகளில் அதற்கு மேலும் ஒன்று நிகழ்கின்றது. இடுகுறியாய் நிற்கும் பெயருக்குப் புகுந்த நாட்டார் தம் மொழியிலேயே புதிதாக ஒரு காரணம் கற்பித்துவிடுகின்றனர். இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் உலக வரலாற்றிற் சிறந்ததோர் எடுத்துக்காட்டு எபிரேய வேதத்தில் யெகோசுவா என வழங்கும் ஆட்பெயராகும்.

இப்பெயர் தமிழில் ஐந்து வடிவங்களில் வழங்குகின்றது. மோசேக்குப் பின் இசுரவேலரைக் கானான் நாட்டுக்கு அழைத்துச் சென்ற தலைவன் யோசுவா எனப்படுகின்றான். பாபிலோனியச் சிறையிருப்பிலிருந்து மீண்டவருள் ஒருவனாகிய தலைமைக் குரு எஸ்றாவின் நூலில் யெசுவா எனப்படுகின்றான். கிறிஸ்தவ சமய முதல்வர் இயேசு எனப்படுகின்றார். கத்தோலிக்கரது பழைய வழக்கில் அவரே சேசு ஆவார். தமிழ் பேசும் முஸ்லிம்கள் அவரை ஈசா நபி என்பர். ஐந்தும் ஒரே பெயர் என்பதைத் தமிழ் வடிவங்களை மாத்திரம் நோக்குவோர் அறிதல் அரிது.

இனி, அப்பெயரின் பொருளை நோக்குதல் முறை. யெகோசுவா என்பது ஒரு தொடர்மொழி. அதன் முற்பகுதி இசுரவேலரது கடவுளின் திருப்பெயர்ச் சுருக்கம். அத்திருப்பெயர் எபிரேயத்தில் நான்கு மெய்யெழுத்துக்களால் எழுதப்படுவது. ஆட்பெயர்களின் முதலில் வரும்போது அது 'யெகோ' அல்லது 'யோ' எனக் குறுகும். இறுதியில் வரும்போது 'யாகு' அல்லது 'யா' எனக் குறுகும். பெயரின் பிற்பகுதி காத்தல், விடுவித்தல், மீட்டல் என்னும் பொருளுடைய வேர்ச்சொல்லோடு தொடர்புடையது. அதனை உதவி என்னும் பொருளுடைய மற்றொரு வேரோடு தொடர்புறுத்தும் அறிஞரும் உளர். எவ்வாறாயினும், 'ஆண்டவனே மீட்பு' என்பது இப்பெயருக்கு நெடுங்காலமாகக் கொள்ளப்பட்டு வரும் பொருளாகும்.

கடவுட் பெயரை உறுப்பாகக் கொண்டு ஆட்பெயர் அமைத்தல் எபிரேயர்க்கு மிக விருப்பமான வழக்கு. யோவான் என்பதன் பொருள் 'ஆண்டவன் அருளினான்' என்பது. யோனத்தான் என்பதன் பொருள் 'ஆண்டவன் தந்தான்' என்பது. வடமொழியில் தேவதத்தன் என்னும் பெயரும் ஏறக்குறைய இப்பொருளதே. தானியேல் என்பதன் பொருள் 'இறைவன் என் நீதிபதி' என்பது. சிவதாசன், கணபதிப்பிள்ளை, கந்தசாமி எனப் பெயரிட்டு வழங்கும் யாழ்ப்பாணத்துச் சைவர்க்கு இவ்வழக்கு புதுமையாகத் தோன்றாது. ஆயினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. நம்மவர் பெயர்கள் பெரும்பாலும் அடிமைத்திறத்தையோ உறவையோ காட்டும் தொகைச்சொற்கள். எபிரேயர் பெயர்களோ பல இடங்களில் எழுவாயும் பயனிலையும் கொண்ட முழு வாக்கியங்கள். பிள்ளையை அழைக்குந்தோறும் ஒரு சமயக் கூற்று வாயினின்றும் பிறக்கின்றது.

இவ்வாக்கியங்களின் உறுப்புக்கள் இடம் மாறியும் வரும். ஏசாயா என்னும் தீர்க்கதரிசியின் பெயர் யோசுவாவின் பெயரிலுள்ள அதே கருத்தை முன்பின்னாகக் கொண்டது. யோசுவாவிற் கடவுட்பெயர் முன்னும் மீட்பு பின்னும் நிற்கின்றன; ஏசாயாவில் மீட்பு முன்னும் கடவுட்பெயர் பின்னும் நிற்கின்றன. கடவுட்பெயர் சேராது மீட்பு என்னும் பகுதி மாத்திரம் நிற்பது ஓசேயா என்னும் பெயர். எண்ணாகமம் பதின்மூன்றாம் அதிகாரத்தில் ஒரு குறிப்பு உண்டு. நூன் என்பவனின் மகனாகிய ஓசேயாவுக்கு மோசே யோசுவா என்னும் பெயரை இட்டான் என்பது அது. கானான் நாட்டை ஒற்றறிந்து வரப் பன்னிருவரை அனுப்பும் வேளையில் இப்பெயர் மாற்றம் கூறப்படுகின்றது. மீட்பு என்னும் பொதுச்சொல்லோடு கடவுட்பெயர் சேர்க்கப்பட்டதனால், மீட்பவன் மனிதனல்லன், ஆண்டவனே என்னும் கருத்துப் பெறப்படுகின்றது. தீட்சை பெறுவார்க்குப் புதுநாமம் இடும் நம் மரபோடு இதனை ஒப்புநோக்கலாம்.

யெகோசுவா என்னும் நீண்ட வடிவம் காலப்போக்கிற் சுருங்கியது. கி.மு. 586இல் எருசலேம் பாபிலோனியரால் அழிக்கப்பட்டது. மக்கள் சிறைப்பட்டுச் சென்று மீண்ட பின்னர் எழுந்த நூல்களில் யெசுவா என்னும் குறுகிய வடிவம் வருகின்றது. ஓகார உகரங்கள் அடுத்தடுத்து ஒலித்தலின் இடர்ப்பாட்டினால் ஓகாரம் ஏகாரமாகத் திரிந்தது என்பர் மொழிநூலார். இரண்டும் ஒரு பெயரே என்பதற்கு வேதத்தினுள்ளேயே சான்று உண்டு. ஆகாய், சகரியா என்னும் தீர்க்கதரிசிகளின் நூல்களில் நெடிய வடிவத்தாற் குறிக்கப்படும் தலைமைக் குருவே எஸ்றாவின் நூலிற் குறுகிய வடிவத்தாற் குறிக்கப்படுகின்றான். நெகேமியாவின் நூல் எட்டாம் அதிகாரத்திலோ, எபிரேய மூலம் நூனின் மகனாகிய பழைய தலைவனையே யெசுவா என்கின்றது. ஆதலின் இவை வெவ்வேறு பெயர்கள் என்பதற்கு இடமில்லை.

அலெக்சாந்தர் படையெடுப்பின் பின்னர்க் கிரேக்கமொழி மேற்காசியாவிலும் எகிப்திலும் பரவியது. எகிப்திலே குடியேறிய யூதர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டு முதலாகத் தம் வேதத்தைக் கிரேக்கத்திற் பெயர்த்தனர். அப்பொழுது இப்பெயருக்கு மூன்று இடர்கள் நேர்ந்தன. எபிரேயத்து ஷகர ஒலி கிரேக்கத்தில் இல்லை. ஆதலின் அது சகரமாயிற்று. பெயரின் இறுதியிலிருந்த மிடற்றொலியும் கிரேக்கத்தில் இல்லை. ஆதலின் அது கெட்டது. ஆண்பாற் பெயர் எழுவாயாகும்போது சகரமெய் ஈற்றிற் பெறுதல் கிரேக்க மரபு. ஆதலின் அம்மெய் ஒட்டிக்கொண்டது. இவ்வாறு யெசுவா, யேசூஸ் ஆயிற்று. ஒலி ஓரளவு நின்றது. காரணம் முற்றாக மறைந்தது. கிரேக்கர் செவிக்கு யேசூஸ் என்பதில் ஆண்டவனுமில்லை, மீட்புமில்லை.

இம்மறைவினை மத்தேயு எழுதிய சுவிசேடத்தின் முதலதிகாரத்திலே தெளிவாகக் காணலாம். பிறக்கவிருக்கும் பிள்ளைக்கு இப்பெயரை இடுக, ஏனெனில் அவர் தம் மக்களை அவர்தம் பாவங்களினின்றும் மீட்பார் என்று தேவதூதன் யோசேப்புக்குக் கூறுவதாக அங்கே வருகின்றது. 'ஏனெனில்' என்னுஞ் சொல்லே இங்கு நோக்கத்தக்கது. எபிரேயத்தில் அப்பெயரும் மீட்பார் என்னும் வினையும் ஒரே வேரினவாய்ச் செவிக்கு ஒத்து ஒலிக்கும். 'பறக்கும், ஆதலாற் பறவை' என்பதுபோல அக்கூற்று இயல்பாக அமையும். கிரேக்கத்திலோ பெயருக்கும் வினைக்கும் ஒலித்தொடர்பு யாதுமில்லை. தமிழிலும் இல்லை. இயேசு என்று பெயரிடுவதற்கு 'மீட்பார்' என்பது எவ்வாறு காரணமாகும் எனத் தமிழ் மட்டும் அறிந்தவர் வியத்தல் இயல்பே. காரணப்பெயர் இடுகுறியாயினமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அக்காலத்தில் இப்பெயர் ஒருவர்க்கே உரியதாக இருக்கவுமில்லை. யூதரிடையே பரவலாக வழங்கிய ஆடவர் பெயர்களுள் இதுவும் ஒன்று. முதலாம் நூற்றாண்டினரான யோசேபுசு என்னும் யூத வரலாற்றாசிரியரின் நூல்களில் இப்பெயர் கொண்டோர் பலர் வருகின்றனர். சீராக்கின் ஞானநூலை ஆக்கியவரும் இப்பெயரினரே. பவுல் கொலோசெயர்க்கு எழுதிய நிருபத்தில் யுஸ்து எனப்படும் வேறொரு இயேசு குறிக்கப்படுகின்றார். நாசரேத்தூர் என்னும் அடை சேர்த்து வழங்கியதன் தேவை இதனால் விளங்கும். யாழ்ப்பாணத்திலே ஒரே பெயருடையார் பலராயின் ஊர்ப்பெயரைக் கூட்டிச் சொல்லும் வழக்கம் இதனோடு ஒக்கும். 'கிறிஸ்து' என்பதோ பெயரன்று. அபிடேகம் பெற்றவர் என்னும் பொருளுடைய எபிரேயச் சொல்லைக் கிரேக்கத்திற் பெயர்த்து அமைத்த பட்டம் அது. பெயர் ஒலியாற் சென்றது. பட்டம் பொருளாற் பெயர்க்கப்பட்டது. ஒருவரையே குறிக்கும் இரு சொற்கள் இரு வழியாற் சென்றமை கருதற்பாலது.

யோசுவாவும் இயேசுவும் கிரேக்க வேதத்தில் ஒரே வடிவினர். யோசுவாவின் நூலுக்கும் அம்மொழியில் யேசூஸ் என்பதே தலைப்பு. இதனால் மொழிபெயர்ப்பாளர் மயங்கியதும் உண்டு. 1611இல் வெளிவந்த ஆங்கில வேதத்தில், எபிரேயர்க்கு எழுதிய நிருபம் நான்காம் அதிகாரத்தில் யோசுவாவைக் குறிக்க வேண்டிய இடத்தில் இயேசுவின் பெயர் அச்சாகியுள்ளது. 1881இல் வந்த திருத்தப்பதிப்பு அதனை யோசுவா எனத் திருத்தியது. ஒரு பெயரை இரண்டாகப் பிரித்து வழங்கிய பின்னர், எங்கே எதனை இடுவது என்னும் ஐயம் பிறத்தல் இயல்பே.

இனி, இப்பெயர் தமிழிற் புகுந்த வரலாறு. போர்த்துக்கேயர் வழியாக வந்த கத்தோலிக்க சமயம் அவர்கள் நாவில் ஒலித்த வடிவத்தையே கொண்டுவந்தது. அதன் முதலெழுத்து தமிழிற் சகரமாகவே சேசு என்னும் வடிவம் பிறந்தது. 1540இல் நிறுவப்பட்ட துறவியர் சங்கம் சேசு சபை எனப்பட்டது. சேசுதாசன், சேசுராசா என்னும் ஆட்பெயர்கள் இவ்வழி வந்தவை. யோசேப்பு என்பதன் போர்த்துக்கேய வடிவம் சூசை ஆனதும் இம்முறையாலேயே. அக்காலத்துக் கத்தோலிக்க குருமார் சில பெயர்களை ஒலியால் அன்றிப் பொருளாலும் பெயர்த்தனர். ஆண்டவன் அருளினான் என்னும் பொருளுடைய யோவானை அருளப்பர் என்றனர். இலத்தீனிற் சிறியவர் எனப் பொருள்படும் பவுலைச் சின்னப்பர் என்றனர். இவை தமிழிற் காரணப்பெயராகவே நின்றன. ஆயின் சேசு என்னும் பெயருக்கு அவ்வாறு செய்யத் துணிந்திலர். இரட்சகர், மீட்பர் என்பன அடைமொழிகளாக நின்றனவேயன்றிப் பெயரின் இடத்தைப் பெற்றில. வழிபடுபெயரின் ஒலியை மாற்றுதற்கு அடியார் அஞ்சுவர் என்பது எச்சமயத்திற்கும் பொது.

சீர்திருத்தக் கிறிஸ்தவர் எபிரேய, கிரேக்க மூலங்களை நோக்கி மொழிபெயர்த்தனர். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு பெயர்த்த புதிய ஏற்பாடு 1714, 1715ஆம் ஆண்டுகளில் ஆங்கு அச்சேறியது. பின்னர்ப் பப்பிரிசியுசு என்பவர் மொழிபெயர்ப்பு வந்தது. பவர் என்பார் தலைமையில் ஆய ஐக்கிய மொழிபெயர்ப்பு 1871இல் நிறைவுற்றது. பழைய ஏற்பாட்டுப் பெயர்கள் எபிரேயத்தை ஒட்டியும், புதிய ஏற்பாட்டுப் பெயர்கள் கிரேக்கத்தை ஒட்டியும் வந்தமையால், ஒரே பெயர் ஒரு நூலின் இரு பாகங்களில் யோசுவா எனவும் இயேசு எனவும் பிரிந்தது.

இயேசு என்பதன் முதலில் நிற்கும் இகரம் எபிரேயத்திலும் இல்லை, கிரேக்கத்திலும் இல்லை. அது தமிழிலக்கணம் தந்த கொடை. யகரம் ஆகாரத்தோடு மாத்திரமே மொழிமுதலாகும் என்பது தொல்காப்பியர் விதி. அ, ஆ, உ, ஊ, ஓ, ஔ என்னும் ஆறு உயிரோடும் முதலாகும் என நன்னூலார் பிற்கால வழக்கு நோக்கி விரித்தார். ஏகாரத்தோடு கூடிய யகரம் இருவர்க்கும் உடன்பாடன்று. யகரத்தை முதலாகவுடைய வடசொற்கள் தமிழில் வரும்போது முன்னே இகரம் பெறும் என்பதும் நன்னூல் விதி. யமன் இயமன் ஆயினான். யந்திரம் இயந்திரம் ஆயிற்று. அம்முறையாலேயே யேசு, இயேசு ஆயிற்று.

விவிலியப் பெயர்கள் பலவற்றை இந்நோக்கோடு அடுக்கிப் பார்ப்பின் ஓரொழுங்கு புலப்படும். யாக்கோபு, யூதா, யோசேப்பு, யோனா, யோவேல், யோசுவா என்பவற்றில் யகரம் நிலைத்துள்ளது. ஆகார, ஊகார, ஓகாரங்களோடு யகரம் முதலாதல் நன்னூலுக்கு ஒத்தது. எபிரேயத்தில் யகர முதலாகவே தொடங்கும் ஏசாயா, எரேமியா, எசேக்கியேல், எருசலேம், எரிகோ என்பவற்றில் யகரம் கெட்டு உயிர் மாத்திரம் நிற்கின்றது. எகர ஏகாரங்களோடு யகரம் முதலாகாமை அதன் காரணமாதல் கூடும். இவற்றுட் சில கிரேக்க, இலத்தீன் வடிவங்களின் சாயலை உடையன எனினும், விளைவு தமிழ்மரபோடு இணங்கி நிற்கின்றது. யெப்தா, யெரொபெயாம், யெசுவா என்பன விதிக்கு விலகியவை. ஏசாயாவைப்போல இயேசுவையும் யகரம் கெடுத்து ஏசு என எழுதுவாரும் உளர். ஆயின் ஏசுதல் என்பது வைதலைக் குறிக்கும் சொல்லாய் யாழ்ப்பாணத்தில் நாடோறும் வழங்குவது. வழிபடுபெயர் வசைச்சொல்லோடு ஒலியால் ஒன்றாகாமற் காத்தலின், இகரம் பெற்ற வடிவமே இலக்கணத்திற்கும் மங்கலத்திற்கும் பொருந்துவதாகும்.

இவ்வேதத்தின் தமிழ்நடையைச் செப்பஞ்செய்ததில் யாழ்ப்பாணத்துச் சைவர் ஒருவரின் கையும் உண்டு. உவெசிலியன் மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர் நல்லூர் ஆறுமுகநாவலர் (1822 - 1879). அம்மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. அதே நாவலர் 1854இற் சைவதூஷணபரிகாரம் எழுதி மிஷனாரிமாரின் கண்டனங்களுக்கு மறுப்புரைத்தார். பிறசமய நூலைப் பிழையறப் பெயர்த்தலும், தன் சமயத்தைத் தளராது காத்தலும் ஒருவர்பால் ஒருங்கே அமைதல் கூடும் என்பதற்கு நாவலர் சான்று.

ஈசா என்னும் வடிவத்தைப்பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். இது குர்ஆன் வழங்கும் அரபு வடிவம். எபிரேயப் பெயரின் ஈற்றில் நின்ற மிடற்றொலி இங்கே முதலில் நிற்கின்றது. அரபு பேசும் கிறிஸ்தவரோ யசூ என்பர். அதில் மிடற்றொலி ஈற்றிலேயே உள்ளது. குர்ஆனின் வடிவம் எவ்வாறு பிறந்தது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. மலையாள நாட்டுப் பழங்கிறிஸ்தவர் ஈசோ என்பது சிரிய மொழியின் கிழக்கு வழக்கிலிருந்து வந்தது.

ஈசா, ஈசோ என்னும் ஒலிகளைக் கேட்ட நம் நாட்டார் சிலர் இவை ஈசன் என்னும் சிவபெருமான் திருநாமமே என்று கூறத் தலைப்பட்டனர். ஈசாவாசிய உபநிடதத்தின் தொடக்கச் சொல்லையும் துணைக்கொண்டனர். இங்கேதான் இடுகுறியான பெயருக்குப் புதுக்காரணம் கற்பிக்கும் நிகழ்ச்சி காணப்படுகின்றது. ஈசன் என்பது ஆளுதல் என்னும் பொருளுடைய வடமொழி வேரிற் பிறந்தது. உபநிடதத்தின் முதற்சொல்லாகிய 'ஈசா' என்பது 'ஈசனால்' என்னும் பொருளில் வந்த வேற்றுமை வடிவம். அரபுச் சொல்லோ மீட்பு என்னும் எபிரேயப் பெயரோடு தொடர்புற்றது; அதன் முதலில் நிற்பது உயிரன்று, மிடற்றிற் பிறக்கும் மெய். இவ்விரு சொற்கும் குடிவழி வேறு, வேர் வேறு, பொருள் வேறு. ஒலி ஒப்புமை தற்செயலானது. இவ்வொப்புமையைக் கொண்டு அவர்கள் சமயம் நம்மிடமிருந்து சென்றது எனச் சாதித்தலும், நம் சமயம் அவர்களிடமிருந்து வந்தது எனச் சாதித்தலும் ஒருங்கே பிழையாம். சமய ஒற்றுமையை விரும்பிச் செய்யினும் அது வலுவற்ற அத்திவாரமே.

சொல்லொலியை விடுத்துப் பொருளை நோக்கும் மற்றொரு நெறி உண்டு. அந்நெறியிற் சென்ற பெரியார் ஒருவரின் நினைவு மருதனார்மடத்தோடு பிரியாது இணைந்துள்ளது. காங்கேசந்துறை வீதியில் உள்ள இவ்வூரில் 1913இல் மகளிர் கல்லூரி நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதன் (1851 - 1930), அதற்கு முன்னரே பரானந்தர் என்னும் பெயரால் விவிலியத்திற்கு ஆங்கிலத்தில் விரிவுரை கண்டவர். மத்தேயு சுவிசேட உரை 1898இலும், யோவான் சுவிசேட உரை 1902இலும் வெளிவந்தன. முன்னையதை அவர் சொல்லக் கேட்டுத் தொகுத்தவர் ஹரிசன் அம்மையார். அவரே பின்னர் இராமநாதனை மணந்து லீலாவதி என்னும் பெயர் பூண்டு, இக்கல்லூரியின் வளர்ச்சிக்கு உழைத்தார். 1824இல் அமெரிக்க மிஷனார் மகளிர் பாடசாலை நிறுவிய உடுவில் மருதனார்மடத்தின் அயலூரே. தானியேல் பூவர் பாதிரியார் 1816இல் தொண்டு தொடங்கிய தெல்லிப்பழையும் இதே வீதியில் வடக்கே சில மைல் தொலைவில் உள்ளது. சைவ மகளிர்க்கெனக் கல்லூரி கண்ட இராமநாதன் அயலாரின் வேதத்தைப் புறக்கணிக்கவில்லை. அதனைச் சைவஞான ஒளியிற் பயின்றார். ஈசாவும் ஈசனும் ஒன்று என்னும் ஒலிநயத்தில் அன்றி, அந்நூல் ஆன்மாவைப்பற்றியும் இறைவனைப்பற்றியும் யாது கூறுகின்றது என்னும் ஆராய்ச்சியிலே அவர் உரை தங்கியது. அவர் கொண்ட முடிபுகளைக் கிறிஸ்தவர் அனைவரும் ஏற்கவில்லை எனினும், அவர் சென்ற வழி நேரியது.

சொற்களின் பொருட்காரணம் பார்த்த அளவிலே விளங்கித் தோன்றாது என்பது தொல்காப்பியர் கருத்து. யோசுவா, யெசுவா, இயேசு, சேசு, ஈசா என்னும் ஐந்து வடிவங்களும் அதனை நன்கு வலியுறுத்துகின்றன. எபிரேயர் வாயில் அது ஒரு பிரார்த்தனை. கிரேக்கர் வாயில் ஓர் ஒலி. தமிழர் வாயில் யகர விதிக்கு அடங்கிய ஒரு சொல். ஆண்டவனே மீட்பு என்னும் பழம்பொருள் அத்தனை மாற்றங்களுக்கும் உள்ளே உறங்கிக் கிடக்கின்றது. அயலவர் பெயரின் காரணத்தை அவர்தம் மொழியிலேயே சென்று கேட்டறிதல் மொழிநூலார்க்கு மாத்திரம் உரிய கடனன்று. பல சமயத்தார் ஒரே வீதியில் வாழும் இந்நாட்டில் அது கற்றார் யாவர்க்கும் உரிய பண்பாகும்.